ஊர் வீட்டில் பத்து நாள் சும்மா இருக்க: சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊரில் பழைய வீடு உள்ள சிங்கப்பூர்க்காரர்களுக்கு இது தெரிந்த கதைதான். பத்து நாள் விடுப்பு எடுத்து ஊருக்குப் போவோம். திருச்சியில் இறங்கியதிலிருந்து வாடகைக் காரில் ஏறி இறங்குவதே வேலையாக இருக்கும். பதினான்கு வீட்டில் காபி, ஆறு கோயில், ஒரு நிச்சயதார்த்தம், இரண்டு துக்க வீடு, கடைசி நாள் துணிக்கடை. சாங்கிக்குத் திரும்பும்போது உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும். ‘ஊர் எப்படி இருந்தது?’ என்று யாராவது கேட்டால் காரின் பின் இருக்கைதான் ஞாபகத்துக்கு வரும்.

எங்கள் தாத்தாவின் வீடு ஒரத்தநாட்டுப் பக்கம், புது ஆறு எனப்படும் கல்லணைக் கால்வாயிலிருந்து பிரியும் ஒரு வாய்க்கால் கரையில் இருக்கிறது. பாட்டி போன பிறகு ஒன்பது வருடம் பூட்டிக் கிடந்தது. அதைச் செப்பனிட்டு இதுவரை மூன்று விடுமுறைகளை அங்கே கழித்திருக்கிறோம். முதலாவது படுதோல்வி. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில்தான் ஈசூன் வீட்டில் கிடைக்காத ஓய்வு கிடைத்தது. அந்த மூன்றிலும் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை. வீடு ஏற்கெனவே நல்ல நிலையில் இருந்தால் முதல் இரண்டு பகுதிகளைத் தாண்டிப் போங்கள். கழிப்பறை பற்றிய பத்தியை மட்டும் படித்துவிடுங்கள்.

1. கொத்தனாருக்கு முன்னால் பட்டா

பல வீடுகள் இன்னும் இறந்துபோன தாத்தா பேரிலேயே இருக்கும். பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துப் பாருங்கள். பணத்தைக் கொட்டி வீட்டைப் புதுப்பித்த பிறகு பங்காளி ஒருவர் திண்ணையில் வந்து உட்கார்ந்து ‘இதில் எனக்கும் பங்கு உண்டுல்ல’ என்றால் உங்கள் அமைதி அன்றோடு போயிற்று. நாங்கள் அப்பா, சித்தப்பா, அத்தை மூன்று பேரையும் உட்காரவைத்து யார் எவ்வளவு போடுவது, எந்த மாதம் யாருக்கு, பிற்காலத்தில் விற்பதானால் எப்படி என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம். ‘நமக்குள்ள எதுக்குப்பா பத்திரம்?’ என்றார். வருத்தம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது.

சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் இந்தியாவில் விவசாய நிலத்தையோ பண்ணை வீட்டையோ விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வருவதைப் பெறத் தடையில்லை. எனவே பக்கத்து வயலையும் வாங்கித் தோப்பாக்கும் கனவு இருந்தால் அதை இப்போதே இறக்கி வைத்துவிடுங்கள். அங்கே ஓடியாட ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுப்பதானால், இங்கேயே நோட்டரி முன் கையெழுத்திட்டு, வெளிநாட்டிலும் செல்லுபடியாக்கும் ‘அப்போஸ்டில்’ சான்று பெறலாம். 2021 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூரில் இந்த வசதி உண்டு. பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். நாங்கள் அதைப் பீரோவில் வைத்து மறந்து, எல்லாவற்றையும் மறுபடி செய்தோம்.

2. எதைத் தொடுவது, எதை விடுவது

சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் வேலையைத் தொடங்குங்கள். சித்திரைக்குள் கூரை மூடியிருக்க வேண்டும். ஐப்பசியில் ஓட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு மழையை வேடிக்கை பார்த்த குடும்பம் எங்கள் தெருவிலேயே உண்டு.

கூரையை முதலில் பாருங்கள். நாட்டு ஓடு என்றால் அவ்வப்போது ஓடு மாற்றியே ஆகவேண்டும். குரங்கும் விழும் தேங்காயும் அதற்குப் பொறுப்பு. ‘எல்லாத்தையும் இடிச்சுட்டு ஒட்டுத்தளம் போட்டுடலாம் தம்பி’ என்று மேஸ்திரி சொல்வார். அவருக்கு அது சுலபம். கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்து இரவெல்லாம் உங்கள் மேல் கொட்டும். ஓட்டுக்கூரை இருட்டியதும் குளிர்ந்துவிடும். கைமரத்தில் கரையான் அரித்தவற்றை மட்டும் மாற்றி ஓட்டையே வைத்துக்கொண்டோம். இருட்டான கூடத்துக்கு இரண்டு கண்ணாடி ஓடு போட்டதும் பகலில் விளக்கே தேவைப்படவில்லை.

சுவரில்தான் நாங்கள் பெரிதாக ஏமாந்தோம். பழைய செங்கல் சுவருக்குப் பழைய சுண்ணாம்புப் பூச்சு. அது தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி காற்றில் விட்டுவிடும். முதலில் வந்த மேஸ்திரி ‘நல்லா கெட்டியா இருக்கும்’ என்று கூடம் முழுவதும் சிமெண்ட் பூசிவிட்டார். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறியது. இரண்டாவது மழைக்காலத்தில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்து, பூச்சு அப்பளம்போல் உரிந்து விழுந்தது. எல்லாவற்றையும் கொத்தி எடுத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்பை மெல்லிய அடுக்குகளாகப் பூசத் தெரிந்த ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தோம். காயக் காயத்தான் அடுத்த அடுக்கு என்பதால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். சிங்கப்பூரிலிருந்து தினம் போன் போட்டு விரட்டினால் காரியம் கெடும்.

சிவப்புத் தரையை உடைத்துப் பளபளப்பான ஓடு பதிக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பத்து நாளில் அது முகம் காட்டும். முற்றத்தையும் மூட வேண்டாம். மேலே இரும்புக் கம்பி போட்டு கொசுவலை இழுத்துக் கட்டினால் போதும், மழையும் நிலாவும் உள்ளே வரட்டும். நெல் கொட்டிவைக்கும் மரப் பத்தாயத்தை விற்கச் சொல்லி ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். விற்காதீர்கள். ஆனால் பிள்ளைகள் ஒளிந்து விளையாடப் போகும் முதல் இடம் அதுதான். மூடியைக் கழற்றி எடுத்துவிடுங்கள்.

சரி, கழிப்பறை. விடுமுறை நல்லபடி நடப்பதும் கெடுவதும் இங்கேதான். பழைய வீட்டில் அது கொல்லைக் கோடியில், புளிய மரத்துக்கு அடியில் இருக்கும். இரவு பன்னிரண்டு மணிக்கு உட்லண்ட்ஸில் வளர்ந்த குழந்தை அங்கே போகாது, என் மனைவியும் போகவில்லை. பின்கட்டில் ஒரு அறையை மாற்றி உள்ளிருந்தே போகும்படி கட்டுங்கள். மேற்கத்திய பாணியில் ஒன்று, பெரியவர்களுக்குப் பழகியது ஒன்று. கழிவுத் தொட்டி கிணற்றிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளி இருக்கட்டும். இந்தச் செலவில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். எங்கள் முதல் விடுமுறை தோற்றதில் பாதிக் காரணம் இதுதான்.

மின்கம்பிகளை முழுவதும் மாற்றி, மின்கசிவு வந்தால் தானாகத் துண்டிக்கும் கருவி வையுங்கள். இன்வெர்ட்டரும் தேவை. மின்னழுத்தம் இங்கேயும் அங்கேயும் 230 வோல்ட்தான், செருகியின் வடிவம்தான் வேறு. குளிர்சாதனம் ஒரே ஒரு அறைக்குப் போடுங்கள். எல்லா அறைக்கும் போட்டால் பிள்ளைகள் அறையை விட்டு வெளியே வரமாட்டார்கள், அதற்கு ஈசூனே போதும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் பூட்டிய வீட்டுக்குப் பெரிதாகக் கட்டணம் வராது. அதற்காகக் கணக்கைப் பார்க்காமலே விட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள்.

அப்புறம், வாரம் ஒரு முறை கதவு ஜன்னலைத் திறந்து, பெருக்கி, மோட்டாரை ஐந்து நிமிடம் ஓட்டிவிட ஒரு ஆள் வேண்டும். அடைத்தே கிடந்தால் கரையான் குடிவந்துவிடும். அடுத்த தெரு அக்கா ஒருவர் எங்களுக்கு இதைச் செய்கிறார். 2023 பிப்ரவரியிலிருந்து சில வங்கிகளின் பேநவ் வழியாக நேரே இந்திய யுபிஐ கணக்குக்குப் பணம் அனுப்பலாம். பார்த்துக்கொள்பவரின் சம்பளத்தை மாதம் முதல் தேதி தவறாமல் அனுப்புங்கள். ‘ஊருக்கு வரும்போது சேர்த்துத் தர்றேன்’ என்பது அழகில்லை.

3. ஜூனா, டிசம்பரா?

பள்ளி விடுமுறை என்றால் ஜூனில் நான்கு வாரம், நவம்பர் கடைசி முதல் டிசம்பர் முடிய ஆறு வாரம். மார்ச், செப்டம்பரில் வரும் ஒரு வாரம் இதற்குப் போதாது. பொங்கலுக்கு ஊரில் இருக்க வேண்டும் என்ற ஆசை பள்ளி போகும் பிள்ளைகள் உள்ளவரை நடக்காது. ஜனவரி தொடக்கத்திலேயே பள்ளி திறந்துவிடும்.

ஜூனில் தஞ்சைப் பக்கம் 38, 39 டிகிரி வெயில் சாதாரணம். சிங்கப்பூரில் இதுவரை பதிவான உச்சமே 37தான், 1983இலும் 2023இலும். ஆனால் அங்கே காற்று இவ்வளவு ஈரமாக இருக்காது, அதனால் நிழலில் உட்கார முடியும். நுங்கு, பலா, மாம்பழம் எல்லாம் கிடைக்கும். மேட்டூர் அணையைக் குறுவைக்காக ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். மூன்று நாள் போல் கழித்துத் தண்ணீர் கல்லணைக்கு வரும், பிறகு புது ஆற்றில் ஓடும். வறண்டு கிடந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்க்க ஊரே கரையில் நிற்கும். என் மகள் அதன் கூடவே கால் கிலோமீட்டர் ஓடினாள். எல்லா வருடமும் தேதிப்படி நடக்காது, 2024இல் ஜூலைக் கடைசியில்தான் திறந்தார்கள். டிக்கெட் போடுமுன் ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் சம்பா வயல் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாக இருக்கும். அதிகாலையில் போர்வை தேடுவீர்கள். கூடவே கொசு, சேறு, வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. எங்கள் கொல்லையில் நின்ற பதினொரு மரத்தில் மிஞ்சியது இரண்டு. அதனால் நவம்பரைத் தவிர்த்து, டிசம்பர் பாதிக்கு மேல் போங்கள். என்னைக் கேட்டால் சிறு பிள்ளைகள் இருந்தால் டிசம்பர், பத்து வயதுக்கு மேல் ஜூன்.

4. ஒரு ஒத்திகை

பிள்ளைகள் கிராமத்தையே பார்த்ததில்லை என்றால் முதலில் ஒரு நாள் புலாவ் உபினுக்குக் கூட்டிப் போங்கள். சாங்கி முனையில் பன்னிரண்டு பேர் சேரும்வரை படகுக்குக் காத்திருப்பதே நல்ல பயிற்சி. மண் பாதை, கம்பத்து வீடு, சேக் ஜாவா, வியர்வை, கொசுக்கடி, செய்வதற்கு ஒன்றுமில்லாத இரண்டு மணி நேரம். எந்தப் பிள்ளை எதற்குச் சிணுங்குகிறது என்பது அன்றே தெரிந்துவிடும். என் மகன் இருக்கை இல்லாத கழிப்பறைக்குத்தான் பயந்தான், பூச்சிக்கு இல்லை. அதைத் தெரிந்துகொண்டதால்தான் மேலே அந்தப் பத்தியை அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

5. பயணச் சீட்டு, தாள், ஊசி

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் உண்டு, சுமார் நான்கு மணி நேரம். பகலில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். பத்து இருபது வெள்ளி மிச்சம் என்று நள்ளிரவில் இறங்கினால், தூங்கி விழும் பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் இருட்டில் போக வேண்டியிருக்கும்.

சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு என்றால் ஓசிஐ அல்லது இ-விசா. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிகள் மறுநுழைவு அனுமதி காலாவதியாகவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். விசாவில் வரும் வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் இணையத்தில் பதிய வேண்டும் என்பது விதி. தனி வீட்டுக்கும் இது உண்டு. சித்தப்பாவிடம் முன்பே சொல்லி, கடவுச்சீட்டு நகலை அனுப்பி வையுங்கள்.

டைஃபாய்டு ஊசியைக் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். மற்றவற்றை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பெட்டியில் நிறைய வேண்டாம். பருத்தித் துணி, கொசு விரட்டி, தலையில் மாட்டும் டார்ச், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், செருகி மாற்றி, புத்தகம். மீதி இடமெல்லாம் முஸ்தபாவில் வாங்கிய கோடாலித் தைலத்துக்கும் மைலோவுக்கும். அது ஏன் என்று அடுத்த பகுதியில் வருகிறது.

6. உறவினர்: ஒரே பந்தி

முதல் விடுமுறையில் யாருக்கும் சொல்லாமல் போய்ப் பார்த்தோம். ‘அமைதியாக இருக்கலாமே’ என்று நினைப்பு. கார் தெருவில் நுழைந்த பத்தாவது நிமிடம் மூன்று ஊருக்குச் செய்தி போய்விட்டது. ‘ஏம்ப்பா, வந்து ரெண்டு நாளாச்சு, இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலையே’ என்று அத்தை கேட்டபோது பதில் இல்லை. அப்புறம் குற்ற உணர்ச்சியோடு எட்டு நாளும் காரில் சுற்றினோம்.

இப்போது செய்வது இது. கிளம்பப் பத்து நாள் இருக்கும்போதே பெரியவர்கள் எல்லாருக்கும் நானே போன் செய்கிறேன். வாட்ஸ்அப் செய்தி செல்லாது. ‘வந்த மூணாம் நாள் மதியம் நம்ம வீட்ல எல்லாருக்கும் சாப்பாடு, அவசியம் வந்துடணும் அத்தை’ என்று அழைக்கிறேன். வயதாகி வரமுடியாதவர்களையும், போன தடவைக்குப் பிறகு துக்கம் நடந்த வீடுகளையும் முதல் இரண்டு நாளில் நேரில் போய்ப் பார்த்துவிடுகிறோம். அதற்கு மாற்று கிடையாது, இருக்கவும் கூடாது. (துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போய்ட்டு வர்றேன்’ என்று சொல்லக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். என் மகன் இரண்டு முறை சொன்னான்.)

மூன்றாம் நாள் உள்ளூர்ச் சமையல்காரரை வைத்து நாற்பது பேருக்கு இலை போடுகிறோம். கூடத்தில் பாதி, தாழ்வாரத்தில் பாதி. வீட்டைச் சுற்றிப் பார்த்து, சுண்ணாம்புச் சுவரைத் தட்டிப் பார்த்து, ‘அப்பவே இடிச்சுக் கட்டியிருக்கலாம்’ என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். தைலமும் மைலோவும் அன்றே கை மாறிவிடும். யாருக்கு எத்தனை பாட்டில் என்ற பேச்சும் அன்றோடு முடியும். மறுநாள் காலை குலதெய்வம் கோயில். அவ்வளவுதான். மீதி ஆறு நாளில் யாராவது கூப்பிட்டால் ‘நீங்க வாங்க, நாங்க வீட்லதான் இருக்கோம்’ என்று சொல்கிறோம். வருகிறவர்கள் வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். அது தொந்தரவாக இல்லை. முன்பு எங்களைக் களைப்பாக்கியது கார்தான் என்று அப்போது புரிந்தது.

7. அந்த ஆறு நாள்

இரண்டரை மணி நேர வித்தியாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஏழுக்கு எழுகிறவருக்கு அங்கே நாலரைக்கே விழிப்பு வரும். திரும்பப் படுக்காதீர்கள். ஐந்து மணிக்கு வாய்க்கால் கரையில் நடந்து டீக்கடைக்குப் போங்கள். முதல் நாள் எல்லாரும் பார்ப்பார்கள், மூன்றாம் நாள் உங்கள் டம்ளரில் சர்க்கரை எவ்வளவு என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

சத்தமே இருக்காது என்று எதிர்பார்க்க வேண்டாம். மார்கழி என்றால் விடியுமுன்னே கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். மயில் அகவும், டிராக்டர் போகும். லிஃப்ட் சத்தமும் பக்கத்து வீட்டுத் துளைக்கருவியும் இல்லை, அவ்வளவுதான்.

எட்டு மணிக்குப் பம்புசெட்டில் குளியல். தொட்டியில் விழும் தண்ணீர் முதுகில் அறைவது பிள்ளைகளுக்குப் பத்து நாளும் அலுக்காது. பதினொன்று முதல் நாலு வரை வெளியே வேலையில்லை. பழைய சோறு, மோர், மாவடு, முற்றத்து நிழலில் ஒரு பாய். ‘அடுத்து என்ன?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள். இரண்டாம் நாள் மதியம் கடும் சலிப்பு வரும், மூன்றாம் நாள் அவர்களாகவே எறும்புப் புற்றுக்கு அணை கட்டத் தொடங்குவார்கள். நாங்கள் வீட்டுக்கு இணைய இணைப்பு வாங்கவில்லை. ஒரே ஒரு கைப்பேசியில் மட்டும் இணையம், அதுவும் பெரியவர்களிடம்.

ஊர் சுற்ற ஒரே ஒரு நாள் ஒதுக்குங்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள், கல் சூடு தணிந்திருக்கும். ஏற்கெனவே பார்த்தவர்கள் என்றால் மல்லிப்பட்டினம் பக்கம் கடலோரமாக நிற்கும் மனோராவுக்குப் போகலாம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்கு நினைவாக இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம். தஞ்சாவூர் மராட்டிய மன்னருக்கும் நெப்போலியனுக்கும் என்ன சம்பந்தம் என்று பிள்ளைகள் வண்டி முழுக்கக் கேட்டுக்கொண்டே வருவார்கள்.

8. பயப்பட வேண்டியதற்குப் பயப்படுங்கள்

வயல் இருந்தால் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு இருக்கும். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல நேரம் கடித்தது தெரியவே தெரியாது. அதனால் தரையில் பாய் விரித்துத் தூங்கும் ஆசையைப் பகலோடு நிறுத்துங்கள். இரவில் கட்டில், மெத்தைக்கு அடியில் செருகிய கொசுவலை. இருட்டில் டார்ச் இல்லாமல் ஓர் அடி வைக்க வேண்டாம். வைக்கோல் போரில் பிள்ளைகள் ஏறக் கூடாது. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். 108ஐ அழையுங்கள், அரசு மருத்துவமனைக்கு நேரே போங்கள், விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கும். அருகில் எது என்று முதல் நாளே விசாரித்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஊசிக்குப் போக வேண்டும். கிணற்றுக்குக் கம்பி மூடி போடுங்கள். நீச்சல் குளத்தில் சான்றிதழ் வாங்கிய பிள்ளையானாலும் புது ஆற்றில் இறங்க விடாதீர்கள். இழுப்பு மேலே தெரியாது, கரை பாசி பிடித்திருக்கும்.

9. பூட்டும்போதும் திரும்பும்போதும்

கிளம்பும் முந்தின நாள் மெத்தைகளை வெயிலில் காயவைத்துச் சுருட்டி, தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, எரிவாயு உருளையை மூடி, பத்தாயத்துக்குள் வேப்பிலை போட்டுவிட்டு வாருங்கள். சாவி அக்காவிடம் ஒன்று, சித்தப்பாவிடம் ஒன்று.

சிங்கப்பூர் வருகை அட்டையை வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம், திருச்சி விமான நிலையத்தில் வரிசையில் நின்றபடி நிரப்பாதீர்கள். மூட்டை கட்டும்போது அம்மாவோடு ஒரு சண்டை நிச்சயம் வரும். கசகசாவை எடுத்து வெளியே வையுங்கள், சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள். இறைச்சி அங்கீகரிக்கப்பட்ட நாடுகளிலிருந்துதான் வரலாம், ஆகவே உப்புக்கண்டத்தை அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். கொப்பரையை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். கருவாடு கொஞ்சம் என்றால் பிரச்சினை இல்லை, ஆனால் மூன்று உறை போட்டுக் கட்டுங்கள், பக்கத்துப் பெட்டிக்காரரும் மனிதர்தானே. ஊறுகாய் பெரிய பெட்டிக்குள் போகட்டும். வடகத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் போட்டால் சாங்கியில் பொடியாகத்தான் எடுப்பீர்கள்.